எதிர் நடைபாதையில் ஒரு தொப்பி

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவுக்கு உலகத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. ஜன்னல் திரையை விலக்கிக் கீழே பார்த்தான். எதிர் நடைபாதை காலியாக இருந்தது. வாரம் முழுக்க அங்கே உட்கார்ந்து, துப்பறியும் நிலையத்தின் மாடிப்படியையே வெறித்துக்கொண்டிருந்த சாம்பல் நிறத் தொப்பியைக் காணோம்.

“ஒழிஞ்சான்,” என்று ஜன்னல் கம்பியிடம் தெரிவித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

ரேடியோ என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. வாய் மூடாத குற்றத்துக்காக அக்கா வைத்தது. அக்காவும் கூடப் பிறந்த அக்கா அல்ல, நிலையத்தின் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். போன மாதம் இருவருமாகச் சேர்ந்து ஒரு மரக்கடை முதலாளியின் குட்டைக் கோர்ட்டில் உடைத்தார்கள். வெளியே வந்த முதலாளி, “உங்க பின்னாடி ஆள் வெக்கிறேனா இல்லையா, பாருங்க,” என்று கறுவிவிட்டுப் போனார்.

அக்கா வேறு வழக்குக்காக வெளியூர் போன வாரத்தில் தொப்பி வந்து சேர்ந்தது. காலையில் வரும், சாயங்காலம் போகும். நடுவில் உட்கார்ந்திருக்கும். பேப்பர் படிக்கவில்லை, பீடி பிடிக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. துப்பறியும் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவர்களால் நம்ப முடியாது.

வேவு பார்க்கிறவனைக் கிளப்ப அக்காவிடம் ஒரு பழைய வித்தை இருந்தது. நகராட்சியின் நடைபாதைப் பிரிவுக்கு ஒரு போன். ‘பகலில் நடைபாதையில் உட்காரவோ படுக்கவோ வழியை மறிக்கவோ கூடாது’ என்று ஊரில் விதி இருக்கிறது. வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அடிதடி வேண்டாம், வாய்ச்சண்டை வேண்டாம். நேற்றுக் காலை ரேடியோ தானாகவே அந்த வித்தையைச் செய்து முடித்துவிட்டான். அக்கா வந்ததும் சொல்லி ஒரு சபாஷ் வாங்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சத்தம்.

“டீயை மூணாப் போடு,” என்றபடி அக்கா பெட்டியோடு உள்ளே வந்தார். பின்னால், நடுத்தர வயதில் ஓர் அம்மாள், நெஞ்சோடு அணைத்த துணிப்பையுடன் தயங்கி நின்றார். “கீழே ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. நம்ம படியை ஏற எல்லாருக்குமே ஒரு தயக்கம்.”

“தயக்கம் இல்லைக்கா, செங்குத்து. ஒரு லிப்ட் வெச்சா கூட்டம் அலைமோதும்.”

“எங்க வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்தாங்க,” என்றார் அந்த அம்மாள். சொன்ன கையோடு அழ ஆரம்பித்தார்.

விஷயம் சிக்கலானது அல்ல. கணவர் நேற்றுக் காலை வேலைக்கென்று கிளம்பியவர் இரவு வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. கம்பெனியில் கேட்டால், “அவர் இந்த வாரம் பூரா லீவாச்சே,” என்கிறார்கள். போலீஸில், “பெரிய மனுஷன்தானே, வந்துடுவார்,” என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவருக்குச் சர்க்கரை. இரண்டு வேளையும் ஊசி போட வேண்டும். ஊசியும் மருந்தும் வீட்டிலேயே கிடந்தன.

“நேத்து ராத்திரி போடலை. இன்னிக்குக் காலையிலும் போடலை. போன தடவை இப்படித் தவறினப்போ ஆஸ்பத்திரியில மூணாம் நாள்தான் கண்ணைத் திறந்தார்.” பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு போட்டோவையும் வைத்தார். மாப்பிள்ளைக் கோலத்தில், சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாய் ஒரு இளைஞர். “இதுக்கப்புறம் போட்டோவே எடுத்துக்கலை. முடி போச்சுன்னு வெக்கம்.”

ரேடியோ பார்த்தான். யாரென்று தெரியவில்லை.

“வேற என்ன கொண்டு வந்திருக்கீங்க?” என்றார் அக்கா.

அம்மாள் கூச்சத்தோடு ஒரு பேன்ட்டை எடுத்தார். “துவைக்காம வெச்சிருந்தேன். முந்தாநாள் போட்டது. உங்ககிட்ட மோப்ப நாய் இருக்கும்னு நெனச்சு...”

“நாய் இல்லைங்க. அதுக்குப் பதிலாத்தான் என்னை வெச்சிருக்காங்க,” என்றான் ரேடியோ. “சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனா பிஸ்கட் உண்டு.”

அம்மாள் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ரேடியோ அன்றைக்குச் செய்த கடைசி நல்ல காரியம் அதுதான்.

அக்கா பேன்ட்டை வெளிச்சத்தில் விரித்துப் புரட்டினார். முழங்கால் சுத்தம். கால்விளிம்பு சுத்தம். உட்காரும் இடத்தில் மட்டும் மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாய்க் கறை, கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசை பிசகாமல்.

“லிப்ட்டுக்குள்ள மஞ்சள் புள்ளி உண்டா ரேடியோ?”

“நான் பார்த்த லிப்ட்ல எல்லாம் ‘பழுது’ன்னு போர்டுதாங்கா இருக்கும்.”

அக்கா ஜன்னலுக்குப் போனார். “கண்ணு தெரியாதவங்க தடம் பிடிச்சுப் போறதுக்கு மஞ்சள் கல்லு பதிச்சாங்களே, ஊரிலேயே முதல்ல நம்ம தெருவுலதானே?”

“இன்னும் வேற எங்கேயும் பதிக்கலை. சாயம்கூட நிக்கலை. தொட்டா ஒட்டுது.”

“அதுல நீளக் கோடு போட்ட கல்லுன்னா நடக்கலாம்னு அர்த்தம். புள்ளி போட்ட கல்லுன்னா நில்லுன்னு அர்த்தம். கோட்டுக் கல்லு தெரு முழுக்க இருக்கு. புள்ளிக் கல்லு, ரோட்டைக் கடக்கற இடத்துல மட்டும்தான்.” விரலால் கீழே காட்டினார். “நம்ம படிக்கு நேர் எதிரே. அம்மா, உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போகலை. வாரம் பூரா அந்தக் கல்லு மேலதான் உட்கார்ந்திருந்திருக்கார்.”

ரேடியோ டீ ஊற்றிக்கொண்டிருந்தான். டீ கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தொப்பிதான் முகம். அந்தத் தொப்பிக்கு அடியில் சுருட்டை முடி போன ஒரு தலையும், அதற்குச் சர்க்கரையும், அதற்காக அழ ஒரு ஆளும் இருக்கக்கூடும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

“எதிர்ல யாராவது உட்கார்ந்திருந்தாங்களா, ரேடியோ?”

“இருந்தாருக்கா. தொப்பி போட்டவர் ஒருத்தர்.”

“எங்கே போனார்?”

“நேத்து... நடைபாதை வண்டி வந்துச்சு.”

சொன்னது அத்தனையும் உண்மை. அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாள் டீயை வாங்கிக்கொண்டு, “நல்லா இருப்பீங்க தம்பி,” என்றார். வாக்கியம் திரும்பித் தொண்டைக்குள் போய்விட்டது.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒரு கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இன்னொன்றை மூக்கில் மாட்டி, மூன்றாவதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தொப்பிக்காரனா? நேத்து ஏத்திட்டுப் போனாங்க. எனக்கு நிம்மதி. கண்ணாடி மாட்டிப் பார்க்க வர்றவங்க எல்லாம் ‘எதிர்ல இருக்கறது யாரு’ன்னு அவனைத்தான் பார்த்தாங்க.”

“முதல்ல எச்சரிக்கை பண்ணணும்னு விதி இருக்கே?” என்றார் அக்கா.

“பண்ணாங்களே. வண்டிக் கதவைத் திறந்த சத்தம்தான் எச்சரிக்கை. ஆனா ஒண்ணு, வண்டி வந்தப்போ அவன் உட்காரவே இல்லை. எழுந்து ரோட்டைக் கடந்து உங்க படியில ஒரு காலை வெச்சுட்டான். ஓடறான்னு நெனச்சு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க.”

அக்கா அப்படியே நின்றார். “எங்க படியிலயா?”

“படியிலதான். யாரோ புண்ணியவான் புகார் கொடுத்திருக்கான், நல்லதாப் போச்சு.”

வெளியே வந்ததும் அம்மாள் கடையைத் திரும்பிப் பார்த்தார். “இந்த ஆள்தான் கொடுத்திருக்கார். முகத்துல எவ்வளவு சந்தோஷம் பாருங்க. அவர் என்ன பாவம் பண்ணார் இவருக்கு?”

அக்கா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ கண்ணாடிக் கடைப் பலகையைப் பார்த்தான். கண் பரிசோதனை இலவசம் என்று எழுதியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். ‘இவர் இல்லை’ என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். வண்டி கிடைக்கிற வரையில் அவன் அதைச் சொல்லவில்லை. வண்டியில் போகும்போதும் சொல்லவில்லை. வழியெல்லாம் அம்மாள் மருந்துப் பெட்டியை மடியில் வைத்து, சூடு படாமல் கையால் மூடிக்கொண்டு வந்தார்.

நடைபாதைப் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம். பிடித்து வந்த சாமான்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சுருட்டிக் கட்டிய பாய்கள், குடைகள், முக்காலிகள், செருப்புத் தைக்கிற பெட்டி ஒன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. வேறு நாளாக இருந்தால் ரேடியோ இதற்கே நாலு ஜோக் சொல்லியிருப்பான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தொப்பி போட்டவரா? பின்னாடி ஹால்ல இருக்கார். பேர் கேட்டா சொல்ல மாட்டேங்கறார். வீடு எங்கேன்னா தரையைப் பார்க்கறார். பேர் சொல்லாதவங்களுக்கு விசாரணை திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமையா!” அம்மாள் மருந்துப் பெட்டியை ஜன்னல் வழியாகத் தள்ளினார். “இதை மட்டுமாவது உள்ளே கொடுங்க சார். அவருக்குச் சர்க்கரை.”

“மருந்தை உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லைம்மா. ஆனா நோயாளின்னா விதியிலேயே விலக்கு இருக்கு. எங்க டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டா இப்பவே விட்டுடலாம்.”

“டாக்டர் எங்கே?”

“திங்கக்கிழமை வருவார்.” குமாஸ்தாவுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். “இன்னொரு வழி இருக்கு. புகார் கொடுத்தவர் நேர்ல வந்து வாபஸ் வாங்கினா கேஸே இல்லை. யாருன்னு நான் சொல்லக் கூடாது. நீங்களே விசாரிச்சுக் கூட்டிட்டு வாங்க. ஆபீஸ் மூடறதுக்குள்ள வரணும்.”

“எனக்குத் தெரியும் யாருன்னு. அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான். கால்ல விழுந்தாவது இழுத்துட்டு வரேன்.”

ரேடியோவின் மூளை அப்போதுகூட வேலை செய்தது. வெட்கம் கெட்ட வேலை. “நீங்க எதுக்கும்மா அலையணும்? வெளியே மரத்தடியில இருங்க. அக்காவும் கூட இருக்கட்டும். நான் பேசிப் பார்க்கறேன்.” எல்லோரையும் அனுப்பிவிட்டு, இதே ஜன்னலில் தனியாக நின்று வாபஸ் வாங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர் மனம் இரங்கிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“வேணாம் தம்பி. நீங்க வெளி ஆள். பொண்டாட்டி போய் அழுதாத்தான் இரங்குவார்.” அம்மாள் திரும்பி நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமாக மாறியது. அவர் வாசலைத் தாண்டினால் போக வர ஒரு மணி நேரம். அதுவும் வீண். பின் ஹாலில் ஊசி போடாத ஒரு மனிதன்.

“அம்மா, போகாதீங்க. அவர் இல்லை. நான்தான்.”

அம்மாள் நின்றார். “நீங்கதான் என்ன, தம்பி?”

ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. “நான்தான் போன் பண்ணேன். எங்களை வேவு பார்க்கற ஆள்னு நெனச்சேன்.”

குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “கதவு எண்?”

ரேடியோ சொன்னான்.

“‘வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறார்’னு சொல்லியிருக்கீங்க. மறிச்சாரா?”

“இல்லை. ஓரமாத்தான் இருந்தார்.”

“அப்போ பொய்யா?”

“பொய்தான் சார்.”

அம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து, சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார். “அந்த பேன்ட்டைப் பார்த்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?”

“தெரிஞ்சுடுச்சு.”

“அதுக்கப்புறமா எனக்கு டீ கொடுத்தீங்க?”

குமாஸ்தா கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் போனார். அம்மாளும் பின்னாலேயே ஓடினார்.

அக்கா சுவரோரமாக நின்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரேடியோ நின்னுபோனா வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாதா? மாடியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன்கா வாயைத் திறக்கலை?”

“வித்தையைக் கத்துக் கொடுத்தது யாரு? நானாச்சே. கண்ணாடிக்காரரா இருந்துடக் கூடாதான்னு வழி பூரா வேண்டிக்கிட்டு வந்தேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகத்தைக் காட்டவில்லை. “இதுக்கு முன்னாடி இப்படி வண்டியில ஏத்தி விட்டவங்க எல்லாம் வேவு பார்க்க வந்தவங்கதானா? ஒருத்தரையும் நான் கேட்டதில்லை.”

உள்ளேயிருந்து மனைவி தோளில் கை போட்டபடி அவர் வந்தார். முதல் தடவையாக ரேடியோ அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். சாதாரண முகம். உதடு வெடித்திருந்தது. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தார். குமாஸ்தா தன் மதியச் சாப்பாட்டை அவரிடம் கொடுத்திருந்தார். பாதி மிச்சம் இருந்தது.

“ஐயா, நீங்க எங்களை வேவு பார்க்கலை. எங்களைத் தேடித்தான் வந்தீங்க,” என்றார் அக்கா. “வேவு பார்க்கறவன் படி ஏற மாட்டான்.”

லிப்ட்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“சொல்ல வேண்டாம்னா சொல்ல வேண்டாம். எங்க ஆபீஸ் விஷயம் எங்களோட போகும்.”

“என்ன சொல்ல வேண்டாம்?” அம்மாள் தன் தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டார். “யாரைத் தேடச் சொல்ல வந்தீங்க?”

அவர் தரையிடமே சொன்னார். “தேட இல்லை. பின்னாடி போய்ப் பார்க்க. மத்தியானத்துல நீ எங்கேயோ போறே. ஒரு நாள் நடுவுல வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. கேட்டா ‘கடைக்கு’ன்னே. பையில ஒண்ணுமே இல்லை. தினமும் மேலே ஏறிச் சொல்லிடலாம்னு வருவேன். பொண்டாட்டி பின்னாடி போகச் சொல்றதுன்னா வாய் வரலை. அப்படியே உட்கார்ந்துடுவேன். நேத்துதான் என்ன ஆனாலும் சரின்னு எழுந்தேன்.”

பேர் சொல்லாததற்கும் காரணம் விளங்கிவிட்டது. சொன்னால் வீட்டுக்குத் தகவல் போகும். எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும் போகும்.

அம்மாள் கத்தவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பார்க் இருக்கு. அங்கே பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்.”

“யார்கூட?”

“யார்கூடவும் இல்லை.”

“என்ன பண்ணுவே?”

“உட்கார்ந்திருப்பேன்னுதானே சொல்றேன். கொஞ்ச நேரம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“இதுக்கு எதுக்குப் பொய் சொன்னே?”

“சும்மா உட்கார்ந்திருந்தேன்னு சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?”

அவர் பஞ்சை அழுத்திக்கொண்டே நின்றார். ரேடியோவும் நின்றான். கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்குப் பட்டது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வண்டி பிடிக்க அக்கா தெருமுனைக்குப் போனார். லிப்ட்காரர் மயக்கம் வருவதாகச் சொன்னார். அம்மாள், கோபத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, “இப்படிச் சித்த உட்காருங்க,” என்றார்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நீண்ட, அகலமான, சுத்தமான நடைபாதை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஒரு பெஞ்ச் கிடையாது.

“வேண்டாம். நிக்கறேன்.”

“மயக்கம் வருதுன்னீங்களே. ஒரு நிமிஷம்தானே.”

“வேண்டாம். வண்டி வந்துடும்.” விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். எந்த வண்டியைச் சொன்னார் என்று ரேடியோ யோசிக்க விரும்பவில்லை. கேட்டுக்குள் ஓடி, காவலாளியிடம் கெஞ்சி ஒரு நாற்காலியை வாங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“சார், இதுல உட்காருங்க.”

லிப்ட்காரர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு, ரேடியோ அதை வைக்கப்போகிற தரையைப் பார்த்தார். “இங்கே போட்டா ஏதாவது சொல்லுவாங்களா?” என்று மெதுவாக, மரியாதையாக, விவரம் தெரிந்த அதிகாரியிடம் கேட்கிற மாதிரி அவனிடமே கேட்டார்.

போடலாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா வண்டியோடு வந்து சேர்கிற வரையில், அவர் கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரேடியோவும் நின்றுகொண்டிருந்தான்.